மஹபூப் பாஷாவின் நாலு துண்டுக் கண்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மஹபூப் பாஷாவின் கடையில் டி.வி. ரிப்பேர் என்று ஒரு போர்டு, கல்யாண வீடியோ என்று ஒரு போர்டு, மிக்ஸி கிரைண்டர் என்று ஒரு போர்டு உண்டு. நாலாவது ஒன்றை ஊர் மாட்டியது: 'கார்டை வித்த பாய்.' மற்ற மூன்றையும் அவர் நினைத்தால் கழற்றிவிடலாம்.

எந்தக் கார்டு, யாருக்கு விற்றார் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கேட்டவரைப் பதில் இல்லாமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எல்லாமே நன்றாக இருக்கும். நடந்தது மட்டும் நன்றாக இல்லை.

பாஷாவுக்குச் சிறு வயதிலிருந்து ஒரே சிநேகிதர், புருஷோத்தமன். மாருதி ஆம்னி வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். 2006 மழைக்காலத்தில், ஏரிக்கரை ரோட்டில் ஓர் எருமை வந்து அந்த ஆம்னியின் மூக்கில் மோதியது. எருமைதான் மோதியது, வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. ஆனால் பஞ்சாயத்தில் எருமைக்காரர் தன் எருமையின் குணத்தைப் பற்றிப் பேசப் பேச, பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தீர்ப்பு எருமை பக்கம் போனது. ஆம்னியின் மூக்கில் விழுந்த சொட்டை அப்படியே நின்றுவிட்டது.

"எருமைக்கு சாட்சி சொல்ல தெருவே வந்துச்சி பாய். எனக்கு ஒர்த்தன் வர்ல," என்று புருஷோத்தமன் பாஷா கடை ஸ்டூலில் உட்கார்ந்து புலம்பினார்.

"உனக்கு நான் ஒரு சாட்சி செஞ்சித் தரேன் புருசு. சோறு கேக்காது, பல்டி அடிக்காது."

"யாரு, உன் மச்சானா?"

"அவன் ரெண்டும் பண்ணுவான். இது கேமரா."

காரின் முன்னால் கேமரா வைத்துச் சாலையைப் படம் பிடிக்கும் பொருள் வெளிநாட்டில் இருப்பதாக பாஷா ஒரு பத்திரிகையில் பார்த்திருந்தார். கண்ணும் மூளையும் ஒரே டப்பாவில். அந்தப் படத்தைப் பார்த்து அவர் சிரித்தார். வெள்ளைக்காரன் ஊர் வெயிலுக்குச் செய்தது. சித்திரையில் இங்கே கண்ணாடியில் ஒட்டி வைத்தால் மத்தியானத்துக்குள் வடாம் மாதிரி காய்ந்துவிடும். எனவே துண்டு துண்டாகச் செய்யவேண்டும் என்று முடிவு செய்தார். சென்னை ரிச்சி தெருவுக்கு மாதத்தில் இரண்டு தடவை பஸ் ஏறினார். கல்யாண வீடியோவில் வந்ததெல்லாம் அந்தத் தெருவில் ஒயராகவும் லென்ஸாகவும் மாறியது.

கடைசியில் நாலு துண்டு வந்தது. வெயில் தாங்கும் சின்னக் கறுப்பு உருண்டை, அது கண். படத்தைக் கார்டில் பதியும் பெட்டி, அது வயிறு. வெயில் படாமல் சீட்டுக்கு அடியில் இருக்கும். கரண்டு எடுக்கும் ஒயர், வால். பேச்சைப் பதியும் மைக், காது. எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். திருடன் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு போனாலும், அவன் பிடுங்கியது வயிற்றில் பதிந்திருக்கும். சாவி போட்டால் கண்ணின் முதுகில், டிரைவருக்குத் தெரியும்படி, ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மற்ற டிரைவர்கள் வந்து பார்த்து ஆலோசனை சொன்னார்கள். போலீஸ் கை நீட்டும்போது தானாக மூடிக்கொள்ளுமா என்று ஒருவர் கேட்டார். வாடகை பேசினதைப் பதிந்து வீட்டுக்காரியிடம் சொல்லுமா என்று இன்னொருவர் கவலைப்பட்டார். காதைப் புருஷோத்தமனே முதல் நாள் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"காது வேணாம் பாய். வண்டில நானும் பார்ட்டியும் பேசிக்கினு போறத கேட்டா, மொதல்ல என்னியதான் உள்ள வெப்பாங்க."

"சரி, குடு. இதுக்குத்தான் துண்டு துண்டா செஞ்சேன்."

கண்ணை முதலில் முன் கண்ணாடியின் மேல்புறம் ஒட்டினார். ஒரு வாரம் ஓடவிட்டுக் கார்டை எடுத்து டி.வி.யில் போட்டுப் பார்த்தால், மல்லிகை. மறுநாள் கதம்பம். அதற்கு மறுநாள் துளசி.

"ரோடு எங்கடா?"

"பூவுக்குப் பின்னால கீது, நல்லா பாரு."

"அந்த மாலைய எறக்கேன்டா."

"தேவகி போட்டது பாய். அத்த எறக்கினா அவ என்னிய எறக்கிடுவா."

தேவகி புருஷோத்தமனின் மனைவி. அந்த வண்டியைப் புருஷோத்தமன் ஓட்டினார். அது ஓடுவதற்குக் காரணம் தேவகியின் பக்தி என்று அவரே நம்பினார். மாலையோடு மல்லுக்கட்டாமல் பாஷா கண்ணைக் கீழே இறக்கினார். டாஷ்போர்டில் பிள்ளையார் இருந்தார், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, அதற்குப் பக்கத்தில் பாஷாவே ஒட்டின எழுநூற்று எண்பத்தாறு. அந்த வரிசையிலேயே, சின்னப் பீடம் ஒன்று செய்து, கறுப்பு உருண்டையை உட்காரவைத்தார். இப்போது சாலை கண்ணாடி மாதிரித் தெரிந்தது. லாரி நம்பரைப் படிக்கலாம். ஆடு எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று ஆட்டுக்கு முன்பே சொல்லலாம். பாஷா வாழ்நாளில் எடுத்த கெட்டிக்கார முடிவு அதுதான். கேடு வந்து உட்காரவும் அதே இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

2007 ஆயுத பூஜை. பஸ் ஸ்டாண்டு முழுக்க வாழைக்கன்று, பொரி, பாட்டு. வருடா வருடம் வேன் ஸ்டாண்டுப் பொரிப் பொட்டலம் முதலில் பாஷா கடைக்குத்தான் வரும். வாங்கிக்கொண்டு எல்லா வண்டியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். அந்த வருடம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண வேலை. போகவில்லை.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் புருஷோத்தமன் செங்கல்பட்டு ரயிலடியில் ஒரு குடும்பத்தை ஏற்றி வரக் கிளம்பினார். வண்டியில் அவர் மட்டும். திருமுக்கூடலுக்கு முன்னால் ஒரு திருப்பத்தில், அவருக்கு முன்னே போன மணல் லாரி ஒரு சைக்கிளைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. சைக்கிளில் வந்தவர் ஏசுதாஸ், நடவு வேலைக்கு மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்த கூலிக்காரர். சாலையோரத்தில் கிடந்தார். மூச்சு இருந்தது.

டிரைவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லை, எல்லோருக்கும் மனப்பாடம். அடிபட்டவனைப் பார்த்தால் நிற்காதே. நின்றவன்தான் அடித்தவன். புருஷோத்தமன் அந்தச் சட்டத்தை இருபது வருடம் மீறாமல் ஓட்டியவர். அன்றைக்கு டாஷ்போர்டைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சாட்சி கூடவே வருகிறது, நமக்கென்ன பயம் என்று நின்றார். ஆளைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பாலம் தாண்டினதும் ஏசுதாஸின் மூச்சு நின்றுவிட்டது.

பிறகு நடந்தது சட்டப்படி. அந்தச் சட்டப்படி. வண்டியில் ரத்தம் இருக்கிறது, மூக்கில் சொட்டை இருக்கிறது, ஓட்டினவன் கையில் அகப்பட்டிருக்கிறான். சொட்டை எருமையுடையது என்று சொன்னபோது ஸ்டேஷனில் சிரித்தார்கள். ஏசுதாஸ் வீட்டாரும் ஆம்னியைத்தான் கை காட்டினார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. எந்த லாரி என்று தெரியாத லாரியிடம் யார் போய் நஷ்ட ஈடு கேட்பது? இன்ஷூரன்ஸ் காகிதத்தோடு ஒரு வண்டி எதிரே நின்றுகொண்டிருக்கிறது.

புருஷோத்தமன் கலங்கவில்லை. ஸ்டேஷன் வாசலிலிருந்து பாஷாவுக்குப் போன் போட்டார்.

"பாய், பேஜாராயிடுச்சி. ஆனா இன்னா, எல்லாம் உள்ள கீது. நீ வந்து வயித்த எட்த்துக்கினு போ. லாரி நம்பரோட வக்கீல் கைல குடு."

பாஷா போனார். தன் டேப் ரிக்கார்டர் அந்த வண்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்று ஏட்டிடம் சொன்னார்.

"எட்த்துக்கோ பாய். சாமியெல்லாம் தொடாத, வெச்ச பொட்டோட அப்டியே கீது, பாவம்," என்றார் ஏட்டு.

பாஷா ஜன்னல் வழியாகக் கைவிட்டு சீட்டுக்கு அடியிலிருந்து வயிற்றை உருவினார். நாலு துண்டாகச் செய்ததற்காக மனசுக்குள் தன்னையே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். டாஷ்போர்டைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மத்தியானச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, டி.வி.யில் ஒயரைச் சொருகினார். மனைவி ஃபர்ஹானா ஈரக் கையோடு வந்து நின்றாள். திரையில் மஞ்சள் வந்தது. நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். மரநிழல் வந்தால் மஞ்சள் கொஞ்சம் இருண்டது, நிழல் போனால் வெளுத்தது. அவ்வளவுதான். ஒரு சாவு அதற்குள் எங்கோ நடந்து முடிந்திருந்தது.

"இன்னாங்க இது, கல்யாணப் பத்திரிகை மூலை மாதிரி கீது?" என்றாள் ஃபர்ஹானா.

பாஷா பின்னால் ஓட்டினார். முந்தின நாள் மத்தியானம் வந்தது. வேன் ஸ்டாண்டு, வாழைக்கன்று, பளிச்சென்ற வெயில். பாட்டுப் போடுவதற்காக யாரோ சாவியைத் திருகியிருக்கிறார்கள், கண் விழித்திருக்கிறது. துடைப்பதற்காக உருண்டையைத் தன் பக்கம் திருப்பியிருக்கிறாள், தேவகியின் முகம் திரை முழுக்க வந்தது. குளித்த தலை, பூ, பயபக்தி. பிள்ளையாருக்கு வைத்தாள், மாதாவுக்கு வைத்தாள், ஸ்டியரிங்குக்கு வைத்தாள், வரிசையில் அடுத்ததாகக் கறுப்பாக உட்கார்ந்திருந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள். இதுவும் மெஷின்தானே, நம்மைக் காப்பாற்ற வந்ததுதானே. விரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. சந்தனம். பிறகு குங்குமம். பிறகு அதைப் பழையபடி ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்து அவள் கை கூப்பியிருக்க வேண்டும். அது தெரியவில்லை.

 பாஷா கார்டில் இருந்ததை அழிக்கும் பொத்தானைத் தேடினார்.

"இன்னா பண்றீங்க?"

"வக்கீல் கேப்பான். புருசு கேப்பான். இத்த பார்த்தான்னா அந்த வூட்ல அடுப்பு எரியாது ஃபர்ஹானா."

"அழிச்சா நாளிக்கு உங்களத்தான் சொல்லுவாங்க."

"என் மெஷின் ரிப்பேருன்னு சொல்ட்டு போறேன். ரிப்பேர்காரன் மெஷின் ரிப்பேரானா ரெண்டு நாள் சிரிப்பாங்க."

ரெண்டு நாள் என்று அவர் போட்ட கணக்கு தப்பு. ஊரைப் பற்றி அவருக்கு இவ்வளவு நல்ல அபிப்பிராயம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

சாயங்காலம் ஜாமீனில் வந்த புருஷோத்தமன் நேரே கடைக்கு வந்தார்.

"கார்டு கெட்டுப்போச்சி புருசு. ஒண்ணும் பதியல."

"லைட்டு எரிஞ்சிது பாய்."

"எரிஞ்சிருக்கும். உள்ள பதியல."

"லைட்டு எரிஞ்சா பதியுதுன்னு நீதான சொன்ன? அத்த நம்பித்தான பாய் நான் நின்னேன்? இல்லாட்டி நிப்பனா?"

பாஷா பக்கத்திலிருந்த மிக்ஸியை இழுத்து வைத்துக்கொண்டார். புருஷோத்தமன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

ஐப்பசியில் ஒரு கல்யாணம் வந்தது. அந்தப் பக்கத்து மணல் லாரிகளில் பாதிக்குச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். வீடியோவுக்கு ஆவணியிலேயே பாஷாவைப் பேசியிருந்தார்கள். தட்டு மாற்றுவது, தாலி கட்டுவது எல்லாவற்றையும் பாஷா எடுத்தார். பந்தியில் அவருக்கு இலை போட்டதை ஊரே பார்த்தது. அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் கணக்கு நேர் ஆனது. கேமராவில் லாரி விழுந்திருக்கிறது. பாய் அதைக் கொண்டுபோய் லாரிக்காரரிடம் காட்டிக் காசு வாங்கியிருக்கிறார். கார்டை அழித்துவிட்டார். சொன்னவர்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் பெரிய துக்கம். கார்டை அவர் அழித்தது உண்மை.

"குற்றத்தை ஒத்துக்கோ, சின்னதா முடிச்சிக்கலாம்," என்று வக்கீல் சொன்னார். புருஷோத்தமன் ஒத்துக்கொண்டார். செய்யாததை ஒத்துக்கொள்வதற்குக் கோர்ட்டில் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. லைசென்ஸ் போனது. ஆம்னியை விற்றார். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் பக்கம் ஒரு ஹாஸ்டலில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்து பஸ்ஸில் போய்வந்தார். திரும்பி வந்து இறங்கும் இடம் பாஷா கடைக்கு எதிரே. இறங்கினதும் கடையைப் பார்த்து ஒரு வசவு. மழை நாளிலும் தவறியதில்லை.

"சினேகிதன வித்து மூணு போர்டு மாட்டிக்கினு கீறான் பாரு!"

பாஷா தலை நிமிராமல் மிக்ஸி ஜாரைத் திருகுவார்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை நெருங்கும்போது, ஒரு மத்தியானம் தேவகி கடைக்கு வந்தாள். கையில் ரிப்பேருக்கு எதுவும் இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு, உள்ளே ஃபர்ஹானா துணி மடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

"பாய், உங்கள ஒண்ணு கேக்கணும். அந்தக் கண்ணு மேல நான் வெச்ச பொட்டுதான?"

பாஷாவின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

"வண்டிய விக்கறதுக்கு முன்னாடி நான்தான் தொடச்சேன். சாமியெல்லாம் எட்த்தேன். கடசியா அது. கண்ணு மேல சந்தனம் பொருக்கா காஞ்சி கீது. அன்னிக்கே புரிஞ்சிடுச்சி பாய். அவருகிட்ட சொல்ல வாய் வர்ல."

"அடிப்பான்னு பயமா?"

"அடிச்சா பரவால்லயே. அடிக்க மாட்டாரு. ஒண்ணும் சொல்லாம சோத்த போட்டுக்கினு தின்னுட்டு, அந்தப் பக்கமா திரும்பி படுத்துப்பாரு. சாவுற வரிக்கும். அதான் பயம்."

பாஷா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"தப்பு உன்னுது இல்லம்மா. பூஜைன்னா பம்புக்கு பொட்டு, ஸ்பேனருக்கு பொட்டு, ஜாக்கிக்கு பொட்டு. இந்த ஊர்லயே பொறந்தவன் நானு. சாமி வரிசைல ஒண்ண உக்கார வெச்சிட்டு, பொட்டு வெக்க எடம் வுடாம செஞ்சிட்டேன். கண்ணுக்கு மேல நெத்தி மாதிரி ஒரு தகடு வெச்சிருந்தா நீ அதுல வெச்சிருப்ப. டிசைனு தப்பு."

"சொல்ட்டுமா பாய் அவருகிட்ட?"

"வேணாம். லைசென்சு போச்சி, வண்டி போச்சி. என்ன திட்டறது ஒண்ணுதான் அவனுக்கு மிச்சம். அத்தயும் புடுங்கிட்டா யார திட்டுவான்? உன்ன. போ, பஸ்ஸு வர்ற நேரம்."

தேவகி போனதும் ஃபர்ஹானா வெளியே வந்தாள்.

"பெரிய மன்சுதான் உங்களுக்கு. இக்ராவ ஸ்கூல்ல இன்னா சொல்லி கூப்பிடறாங்கன்னு தெரிமா?"

இக்ரா அவர்கள் மகள், ஏழாவது படித்தாள். பாஷாவுக்குத் தெரியாது.

"'கார்டு, கார்டு'ன்னு கூப்பிடறாங்க. வாத்தியாரு பேர் கூப்பிடும்போது பின்னாலேர்ந்து அது வருதாம். நீங்க அடுத்தவன் வூட்டு அடுப்ப காப்பாத்திக்கினு இருங்க."

மறுநாள் புருஷோத்தமன் பஸ்ஸிலிருந்து இறங்கி வழக்கமான வசவை ஆரம்பித்தபோது, ஃபர்ஹானா ரோட்டைத் தாண்டிப் போனாள். ஸ்டாண்டில் இருந்தவர்கள் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னாள். சந்தனத்தை, குங்குமத்தை, டி.வி.யில் தெரிந்த முகத்தை, முந்தின நாள் தேவகி வந்து கேட்டதை.

"படம் எங்க?" என்று கேட்டார் புருஷோத்தமன்.

"அவரு அழிச்சிட்டாரு. உன் குடும்பத்துக்கோசரம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். புருஷோத்தமன் சிரிக்கவில்லை. வேகமாக வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே சிலர், அக்கறையின் பேரில், போனார்கள். வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தேவகியிடம் கேட்டார், அத்தனை பேர் முன்னாலும்.

"அந்தக் கேமராவுக்கு நீ பொட்டு வெச்சியா?"

தேவகி கூட்டத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"அதும் மேல நான் கையே வெக்கலியே," என்றாள்.

"பாய் கடைக்குப் போனியா?"

"எதுக்குப் போறேன்?"

குடம் நிரம்பி வழிந்தது. புருஷோத்தமன் திரும்பிக் கூட்டத்திடம் சொன்னார்: "பார்த்துக்கோங்க. கார்ட வித்ததும் இல்லாம, இப்ப என் பொண்டாட்டி மேல போடறாங்க."

இந்தச் செய்தியைக் கடைக்குக் கொண்டுவந்தது பக்கத்துப் பூக்கடைப் பச்சமுத்து. பாஷா அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பொண்ண இன்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ல பாய். நம்பிட்டான்."

பாஷா தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா என்று பச்சமுத்துவால் சொல்ல முடியவில்லை. நிம்மதி என்றால் அவ்வளவு கிழடாக இருக்காது என்பது அவர் கருத்து.

தெருப் பையன்களும் அதற்குப் பிறகு 'பொட்டு பாய்' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். ஃபர்ஹானா அரைப் பரீட்சை வரை பொறுத்தாள். பிறகு இக்ராவின் பெயரைப் பள்ளியிலிருந்து எடுத்து, காஞ்சிபுரத்தில் தன் அண்ணன் வீட்டில் விட்டு அங்கே சேர்த்தாள். பாஷா அதற்குப் பின் காருக்குக் கேமரா செய்யவில்லை. மதுராந்தகத்திலிருந்து ஒரு வேன்காரர் கேள்விப்பட்டு வந்து கெஞ்சியபோதும், அதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும், வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் போய் மகளைப் பார்த்துவிட்டு வருகிறார். சாயங்காலப் பஸ் புறப்படும்போது சில வாரம் புருஷோத்தமனும் காக்கிச் சட்டையோடு ஏறுவார். பாஷா பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். புருஷோத்தமன் அந்த இடத்தைப் பார்ப்பார், பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு உத்திரமேரூர் வரை நின்றுகொண்டே வருவார்.